கைகளைக் கண்டு கண்விழிக்கும் வேளையில்

வைகறையில் துயிலெழுந்ததும் வேறெதையும் நோக்காமல், இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக் கண்களில் ஒற்றிக்கொள்வது பல இல்லங்களில் வழிவழியாக வரும் வழக்கம். விரல் நுனியில் திருமகளும், உள்ளங்கையின் நடுவில் கலைமகளும் உறைகின்றனர் என்பது நம்பிக்கை. கையின் அடிப்பகுதியில் உறைபவர் கோவிந்தன் என்பாரும் உண்டு. கௌரி என்பாரும் உண்டு. அந்த அடிப்பகுதிதான் மணிக்கட்டு. உடற்கூற்றின்படி பார்த்தாலும், உள்ளங்கையின் உணர்வுக்கும் விரல்களின் செயலுக்கும் வாசலாக அமைந்த இடம் அதுவே. அந்த வாசல் நெருக்கமுற்றால் கை முழுவதும் தடுமாறும்.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவருக்கு வயது 68. ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு 40 ஆண்டுகளாக நாள்தோறும் மாலை தொடுத்துக் கொடுப்பது அவரது கைங்கரியம். ஒருநாள் பின்னிரவு 3 மணியளவில் அவருக்கு விழிப்பு வந்தது. வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்தன. கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு நான்கைந்து முறை உதறினார். சற்று நேரத்தில் உணர்வு திரும்பியது, மீண்டும் உறங்கிப்போனார்.

மறுநாள் இரவும் அதுவே நிகழ்ந்தது. பின்னர் அது வாடிக்கையாயிற்று. "வயதானால் இதெல்லாம் உண்டு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் வேறோர் அச்சமும் இருந்தது. பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்குமோ என்ற அந்த அச்சத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் மாலை தொடுப்பதை நிறுத்திவிடுவார்களே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. இப்படியே ஓராண்டுக்கு மேல் கழிந்தது. நார் கைநழுவியது. துளசியையும் மருவையும் பிரித்தறிய விரல் நுனி மறுத்தது. கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டியிருந்தது. குங்குமச் சிமிழின் மூடியைத் திறக்கவும் இடக்கையின் துணை தேவைப்பட்டது.

கார்த்திகைத் தீபத்தன்று அகல் விளக்குகளின் திரிகளைத் தூண்டிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மருமகள் அவரது கையைப் பற்றிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அத்தை, விரல் நுனி கொப்பளித்திருக்கிறதே! சுடவில்லையா?"

"எங்கேயம்மா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார் மூதாட்டி.

தீ சுடுவதும் தெரியாத நிலைக்கு விரல் வந்துவிட்டது. மறுவாரமே மருமகள் அவரைக் கைநோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

சுண்டுவிரல் சொன்ன சான்று

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி எளியது. "பாட்டி, மரத்துப்போவது எந்தெந்த விரல்? ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுங்கள்."

மூதாட்டி கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் காட்டினார். மோதிர விரலில் கட்டைவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மரத்திருந்தது; மறுபாதியில் உணர்வு தெளிவாக இருந்தது. "சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது, டாக்டர்" என்றார்.

நோயின் இருப்பிடம் அந்தப் பதிலிலேயே பெரும்பாலும் புலப்பட்டுவிட்டது. ஒரே விரலின் ஒரு பாதி மரத்து, மறுபாதி விழித்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். மோதிர விரலுக்கு இரண்டு நரம்புகள் பாதிப் பாதியாக உணர்வளிக்கின்றன என்பதே அதன் காரணம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய மூன்றரை விரல்களின் உட்புறத்துக்கு உணர்வு தருவது முன்கையின் நடுவாக வரும் மீடியன் நரம்பு. எஞ்சிய ஒன்றரை விரல்களுக்கு உரியது அல்நார் நரம்பு. பக்கவாதம் விரலைப் பாதியாகப் பிரித்துப் பார்க்காது. ஆகவே மூதாட்டி ஓராண்டாகச் சுமந்த அச்சம் மருத்துவ அறையில் சில நொடிகளில் விலகியது.

ஆனால் மருத்துவரின் முகம் முற்றிலும் தெளியவில்லை. கட்டைவிரலின் அடியில் உருண்டு திரண்டிருக்க வேண்டிய சதைமேடு இடக்கையில் நன்றாக இருந்தது. வலக்கையில் அது தட்டையாக வற்றியிருந்தது. நரம்பு நெடுங்காலமாக நெருக்குண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும்

பெருவிழா நாளில் கோயிலின் குறுகிய வாசலில் கூட்டம் நெரிவதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். சுவர் கல்லால் ஆனது, நிலையும் அசையாது. உள்ளே நுழைவோர் எண்ணிக்கை சற்றுக் கூடினாலும் நடுவில் அகப்பட்ட மெலிந்தவருக்கே மூச்சுத் திணறும். மணிக்கட்டின் அமைப்பும் அத்தகையது.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் வளைவாக அடுக்கப்பட்டு ஒரு வாய்க்கால் போல அமைந்துள்ளன. அந்த வாய்க்காலின் மேல், உள்ளங்கைப் பக்கத்தில், உறுதியான பட்டை ஒன்று குறுக்கே மூடியிருக்கிறது. எலும்புக்கும் பட்டைக்கும் இடையில் உள்ள குறுகிய வழியை மருத்துவர்கள் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கம், என்பர். முன்கைத் தசைகளின் இழுவிசையை விரல்களுக்குக் கொண்டு செல்லும் கயிறு போன்ற தசைநாண்கள் 9 இதன் வழியே செல்கின்றன. தேர் வடங்கள் இழுக்க இழுக்கத் தேர் நகர்வது போல, இந்த நாண்கள் இழுக்க விரல்கள் மடங்குகின்றன. அவற்றோடு பத்தாவதாகச் செல்வதே மீடியன் நரம்பு. அந்தப் பத்தில் மிகவும் மென்மையானது அதுதான்.

சுரங்கத்தினுள் சிறிது வீக்கம் ஏற்பட்டாலும் எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது. அழுத்தம் முழுவதும் நரம்பின்மேல் விழுகிறது. நரம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது, விரல்கள் மரக்கின்றன. உறங்கும்போது பலர் தம்மை அறியாமல் மணிக்கட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கின்றனர். மடித்த மணிக்கட்டினுள் அழுத்தம் மேலும் உயரும். இந்நோய் பெரும்பாலும் பின்னிரவில் எழுப்புவதற்கும், கையை உதறினால் தணிவதற்கும் இதுவே காரணம்.

மணிக்கட்டு எலும்பு முறிந்த ஒருவருக்கு இந்நரம்பு நெருக்குண்டதை 1854ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் எழுதிவைத்தார். எனினும், எலும்பு முறிவு ஏதும் இல்லாமலே இது பலருக்கும் வருகிறது என்பதைப் பரவலாக உணரச் செய்தவர் 1950களில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பேலன். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதியாக வருகிறது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடற்பருமன், நெடுநாள் டயாலிசிஸ் ஆகியவை இதற்கு இடம் கொடுக்கும். கருவுற்ற பேத்திமாருக்கும் சில மாதங்கள் வந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தானே நீங்குவதுண்டு.

மூதாட்டிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. தைராய்டும் சரியாக இருந்தது. நோய் வலக்கையில் மட்டுமே இருந்தது. அப்படியானால் காரணம் என்ன? மருத்துவர் அவரது முன்கையை மெல்ல வருடிப் பார்த்தார். நாரை இறுக்கி முடிச்சிடுவது போலக் கையை வைக்கச் சொன்னார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், மென்மையான புடைப்பு ஒன்று எழுந்தது. கையைத் தளர்த்தியதும் அது தணிந்தது.

"இது எப்போதிருந்து இருக்கிறது, பாட்டி?"

"சிறுவயது முதலே உண்டு. மாவாட்டும்போது தெரியும். வலித்ததே இல்லை, அதனால் பொருட்படுத்தவில்லை."

அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்தப் புடைப்பு கட்டியன்று, ஒரு தசை. வழக்கமாக அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், தலைகீழாக அமைந்திருந்தது.

எல்லோர் கையும் ஒன்றன்று

மனித உடலின் உள்ளமைப்பு எல்லோருக்கும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். முகத்துக்கு முகம் வேறுபடுவது போலவே, தோலுக்கு அடியிலும் வேறுபாடுகள் உண்டு. மணிக்கட்டும் முன்கையும் அவ்வேறுபாடுகள் மிகுந்த இடங்கள்.

இதைத் தம் கையிலேயே காணலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்றே உட்புறமாக மடித்தால், நடுவில் மெல்லிய கயிறு போன்ற நாண் ஒன்று புடைத்துத் தோன்றும். அது பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண். சிலருக்கு அது தோன்றாது. ஏனெனில் அத்தசையே அவர்களுக்கு இல்லை. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறுகையில் இராது. மேலைநாட்டு உடற்கூற்று நூல்கள் 100 பேரில் ஏறத்தாழ 14 அல்லது 15 பேருக்கு இது இல்லை என்கின்றன. மக்களுக்கு மக்கள் இந்த அளவு மாறுபடும். இல்லாதவர்களுக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. அதனாலேயே, வேறிடத்தில் அறுந்த நாணைச் சீர்செய்ய அறுவை மருத்துவர்கள் இந்த நாணை எடுத்துப் பயன்படுத்துவது வழக்கம்.

இதே தசை வேறு வகைகளிலும் அமையும். இயல்பாக அதன் சதைப்பகுதி முன்கையின் மேற்பாதியிலும், நாண் கீழ்ப்பாதியிலும் இருக்கும். சிலருக்கு அது தலைகீழாகி, நாண் மேலும் சதை கீழுமாக, மணிக்கட்டை ஒட்டி அமைந்துவிடும். மூதாட்டிக்கு இருந்தது அதுவே. உழைக்க உழைக்கத் தசை பருக்கும். பருத்த தசை அடியில் உள்ள நரம்பை அழுத்தும். வேறு சிலருக்குப் பட்டைக்கு மேலே செல்ல வேண்டிய இத்தகைய தசைநாண், பட்டைக்கு அடியில் புகுந்து, நரம்போடு ஒட்டிச் சுரங்கத்தினுள்ளேயே செல்லும். விரல்களை மடக்கும் தசையின் சதை வழக்கத்தைவிடக் கீழே இறங்கிச் சுரங்கத்தை எட்டுவதும் உண்டு. உள்ளங்கையில் உள்ள புழு வடிவச் சிறு தசைகள் சிலருக்கு மேலிருந்தே தொடங்கும். விரல்களை மடக்கும்போதெல்லாம் அவை சுரங்கத்துக்குள் இழுக்கப்படும்.

உடலைக் கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்ற நெறி இந்நாட்டுக்குப் புதிதன்று. உயிர்நீத்த உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் இட்டு, ஓடும் நீரில் மறைவான இடத்தில் 7 இரவுகள் வைத்து, பின்னர் வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றால் ஆன தூரிகைகளால் மெல்லத் தேய்த்து, தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை ஒவ்வொன்றாகக் காண வேண்டும் என்று சுச்ருத சம்ஹிதை விதிக்கிறது. நூலில் கற்றதும் கண்ணால் கண்டதும் ஒன்றுசேரும்போதே அறிவு முழுமை பெறும் என்பது அதன் கருத்து. தசைகளை 500 என எண்ணிய அந்நூல், அவற்றுள் 400ஐக் கைகால்களுக்கே உரியவையாகக் கூறுகிறது. மணிபந்தம் எனப்படும் மணிக்கட்டை 107 வர்மங்களுள் ஒன்றாக வைத்து, அங்கு அடிபட்டால் மிகுந்த வேதனை தரும் வகையில் அதைச் சேர்த்திருக்கிறது.

மூதாட்டிக்கு இதைக் கேட்டபோது கண் கலங்கியது. "பிறவியிலேயே குறையா? எந்தப் பாவமோ" என்றார். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். "குறையே இல்லை, பாட்டி. 40 வருடம் இந்தக் கையால்தானே மாலை கட்டினீர்கள்? அமைப்பில் ஒரு வேறுபாடு, அவ்வளவுதான்."

அந்தப் பதில் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரே சிற்பி வடித்த இரு திருமேனிகளும் நூலிழை வேறுபாடின்றி அமைவதில்லை. அதனால் எதுவும் ஊனமுற்றதென எவரும் சொல்வதில்லை. தசை வேறுபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே நிறைவாழ்வு வாழ்ந்து முடிக்கின்றனர். அவ்வாறே, மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டவர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய தசை இருப்பதுமில்லை. இது அரிதாகக் காணும் காரணம். மூதாட்டிக்கும் அத்தசை மட்டுமே நோயை உண்டாக்கவில்லை. வயதின் காரணமாகச் சுரங்கத்தின் உள்ளுறைகள் தடித்து இடம் குறைந்தது. ஏற்கெனவே நெருக்கமாக இருந்த வாசலில் அந்தத் தசையும் வந்து நின்றது.

ஆயினும் சில குறிப்புகள் இருந்தால் மருத்துவர் இதை ஐயுறுவார். ஒரு கையில் மட்டும் நோய் இருப்பது, உழைக்கும்போது மணிக்கட்டருகே புடைப்பு எழுவது, வேலை செய்யும் நேரத்தில் மரப்பு மிகுவது, நீரிழிவு போன்ற காரணம் எதுவும் காணாமலிருப்பது ஆகியவை அவை. சிறுவயது முதல் இருக்கும் புடைப்பு என்பதற்காக அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடலாகாது.

எந்த விரல் எதைச் சொல்கிறது

முதியோர் தம் கையின் மொழியை ஓரளவு கற்றுக்கொள்வது நல்லது.

கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை மரத்து, இரவில் எழுப்பினால் மணிக்கட்டுச் சுரங்கத்தை நினைக்க வேண்டும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பின் முறையீடு. அந்நரம்பு முழங்கையில் நெருக்குண்ணலாம்; மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் உள்ள மற்றொரு சிறிய வழியிலும் நெருக்குண்ணலாம். அவ்வழியை 1861இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் குயோன் பெயரால் அது குயோன் வாய்க்கால் எனப்படுகிறது. சுண்டுவிரலை விலக்கும் தசைக்குத் துணையாக மிகைத்தசை ஒன்று பலருக்கு அவ்வாய்க்காலில் அமைந்திருக்கும். சிலருக்கு மட்டும் அது தொல்லை தரும். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றுகோலின் பிடியில் நெடுநேரம் அழுத்தி நடப்பதும் இந்நரம்பை நெருக்கும். கிரிவலமோ பாதயாத்திரையோ செல்லும் முதியோர் அகன்ற, மென்மையான பிடியுள்ள கோலைக் கொள்வதும், அவ்வப்போது கை மாற்றிப் பிடிப்பதும் நன்று.

கழுத்து வலியோடு தோளிலிருந்து மின்னல் போல இறங்கும் மரப்பு கழுத்தெலும்பிலிருந்து வரக்கூடும். இரு கால்களிலும் தொடங்கிப் பின்னர் இரு கைகளுக்கும் வரும் மரப்பு நீரிழிவால் வருவதுண்டு. சைவ உணவு உண்ணும் முதியோருக்கு வைட்டமின் பி12 குறைவாலும் அது வரலாம். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் நாள் குறித்து மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் ஒன்றுக்குக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு கையோ காலோ வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது ஆகியவற்றுள் எது நிகழ்ந்தாலும் அது மூளையின் அபாயக் குரல். அது தானே சரியாகிவிடும் என்று எண்ணாமல், உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மணிக்கட்டு நெருக்கத்தைச் சோதிக்க எளிய முறை ஒன்றுண்டு. கும்பிடும்போது உள்ளங்கைகள் சேர்கின்றன. அதற்கு மாறாக, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மணிக்கட்டுகளை மடித்து, ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த மூன்றரை விரல்களில் குறுகுறுப்பு தோன்றினால் ஐயம் வலுப்படும். இதுவே பேலன் சோதனை. தோன்றாவிட்டாலும் நோய் இல்லையென்று முடிவு செய்ய இயலாது. மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கும் பரிசோதனையும், அல்ட்ராசவுண்டும் நோயின் அளவைக் காட்டும். விரலை மடக்கி நீட்டும்போது மிகைத்தசை அசைவதையும் அல்ட்ராசவுண்டில் நேரிலேயே காணலாம்.

காலத்தே செய்ய வேண்டியவை

தொடக்கத்திலேயே வந்தால் பலருக்குக் கத்தியே தேவைப்படாது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையைச் சில வாரங்கள் அணிந்து உறங்கினாலே பெருமளவு தணியும். தேவைப்பட்டால் சுரங்கத்தில் ஸ்டீராய்டு ஊசி செலுத்துவர். அது பலருக்குச் சில மாதங்கள் நிம்மதி தரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை உயரும் என்பதால் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும். மாலை தொடுப்போர், கோலமிடுவோர், நெடுநேரம் ஏடெழுதுவோர் ஆகியோர் அரைமணிக்கு ஒருமுறை கையைத் தளர்த்தி ஓய்வளிக்க வேண்டும். மணிக்கட்டை அழுத்தி நீவுவதும், கடையில் வலிமாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதும் முதியோருக்கு ஏற்றவையல்ல. அம்மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும்.

உணர்வு குறைந்த விரல் உள்ளவர்கள் தீயிடத்தில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். கற்பூரத் தட்டை நீண்ட கைப்பிடியுள்ளதாக வைத்துக்கொள்ளலாம். திரியைத் தூண்டக் குச்சியைப் பயன்படுத்தலாம். ஆரத்தியை ஒற்றிக்கொள்ளும்போது நலமான கையை முன்வைக்கலாம். வெந்நீரின் சூட்டை மரத்த விரலால் பார்க்காமல் மறுகையால் பார்ப்பது நலம். இறைவன் திருமுன் ஏற்றும் சுடர் அடியவரின் கையைச் சுடுவதற்கன்று.

மரப்பு நாள் முழுவதும் நிலைத்துவிட்டாலோ, கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கினாலோ, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. கையை மட்டும் மரக்கச் செய்து, குறுக்குப் பட்டையைப் பிளந்து விடுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பிளந்த பட்டை சற்று அகன்று ஆறுவதால் நரம்புக்கு இடம் கிடைக்கும். முதுமை இதற்குத் தடையன்று. உள்ளங்கையின் அடியில் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், நோவு இருக்கும், பின்னர் தணியும்.

மூதாட்டிக்குப் பட்டையைப் பிளந்ததோடு, நரம்பை அழுத்திய அந்தத் தசையின் சதையையும் அகற்றினார்கள். அத்தசை இல்லாமலே பிறந்து நன்றாக வாழ்வோர் பலர் என்பதால், அதை இழந்ததால் கைக்கு நட்டமில்லை. அடுத்த வாரத்திலேயே பின்னிரவுக் குறுகுறுப்பு நின்றது. ஓராண்டுக்கு மேல் அவர் அறியாத முழு உறக்கம் திரும்பியது. விரல் நுனிகளின் உணர்வு மாதக்கணக்கில், மெல்ல மெல்ல வந்தது. நெருக்கத்திலிருந்து விடுபட்டாலும் நரம்பு அவசரப்படாது.

ஆனால் கட்டைவிரல் மேடு பழைய நிலைக்கு வரவில்லை. ஓரளவே தேறியது. நீண்ட ஆண்டாள் மாலையை இறுக்கித் தொடுக்கும் வலிமை கட்டைவிரலுக்கு இனி இல்லை. "முதல் மாதமே வந்திருந்தால் இரவுப் பட்டையோடு முடிந்திருக்கலாம், பாட்டி" என்று மருத்துவர் சொன்னதை மூதாட்டி மறைக்கவில்லை. இப்போது கோயிலில் தம்மோடு அமர்ந்து பூத்தொடுக்கும் பெண்களிடம் அவரே அதைச் சொல்கிறார். எந்த விரல் மரக்கிறது என்று கேட்கிறார். ராத்திரியில் கை உதறுகிறாயா என்று கேட்கிறார். அப்படிக் கேட்டு இருவரை மருத்துவரிடம் அனுப்பியும் இருக்கிறார்.

தொல்லையை வெளியில் சொல்லாமல் பொறுப்பதைப் பெருமையாகக் கருதும் தலைமுறை அது. பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாதென்ற எண்ணம் உயர்ந்ததே. எனினும், உரிய காலத்தில் சொல்லியிருந்தால் சிறிதாக முடிந்திருக்க வேண்டியது, சொல்லாததால் பெரிதாகிப் பிள்ளைகளுக்கே கூடுதல் கவலையாகிறது. வீட்டிலுள்ள இளையோரும் பெரியவர்கள் நார் நழுவவிடுவதையும், டம்ளரைத் தவறவிடுவதையும், இரவில் கை உதறுவதையும் வயதின் தடுமாற்றமென்று கடந்துபோகாமல் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெருமாளுக்கான பெரிய மாலையை இப்போது மருமகள் தொடுக்கிறார். தாயார் திருவடிக்கான சிறு துளசிச் சரம் மட்டும் மூதாட்டியின் பங்கு. வைகறையில் எழுந்ததும் அவர் வழக்கம் போல உள்ளங்கைகளை விரித்துப் பார்க்கிறார். வலக்கை மணிக்கட்டில் ஒரு மெல்லிய தழும்பு இருக்கிறது. அந்தக் கையால் துளசியைத் தொட்டதும், அதன் காம்பு சொரசொரப்பாகவும் இலை மிருதுவாகவும் இருப்பது விரல் நுனிக்குத் தெரிகிறது. பிறகு நாரை எடுத்துத் தொடுக்கத் தொடங்குகிறார்.